பெரிய வீரரையும் தடுமாற வைக்கும் எதிராளி: குத்துச்சண்டைப் பாணிகளைப் படித்தறியப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று வடசென்னையில் எந்தப் பக்கம் போனாலும் குத்துச்சண்டையைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் இங்கே வேரூன்றிய இந்த ஆட்டம், சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய பரம்பரைகளின் பெயரால் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்தது. 1980-இல் முகம்மது அலியே சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் களமிறங்கிய தேவராஜன் சென்னைக்காரர். இத்தனை பழக்கம் இருந்தும், போட்டியைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கைகளை மட்டுமே பார்க்கிறார்கள். புதிதாகப் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களைச் சேர்த்துவிட்டுத் திண்ணையில் காத்திருக்கும் பெற்றோருக்கும், கைப்பேசியில் பழைய போட்டிகளைத் தேடிப் பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும், வேறு என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

தேநீர்க்கடைகளில் அடிக்கடி ஒரு கணக்குப் போடுவார்கள்: இவர் அவரை வென்றார், அவர் இன்னொருவரை வென்றார், ஆகவே இவர் அந்த இன்னொருவரைச் சுலபமாக வென்றுவிடுவார். இந்தக் கணக்கு குத்துச்சண்டையில் செல்லாது என்பதற்கு 1970-களின் கனரக எடைப் பிரிவே போதுமான சான்று. ஜோ ஃப்ரேசியர் 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கில் அலியைப் புள்ளிகளில் வென்றார். கென் நார்ட்டன் 1973 மார்ச் 31 அன்று சான் டியாகோவில் அலியின் தாடையை உடைத்து வென்றார். இந்த இருவரையும் ஜார்ஜ் ஃபோர்மன் தலா இரண்டே ரவுண்டில் முடித்தார். ஃப்ரேசியர் அந்த இரண்டு ரவுண்டுக்குள் 6 முறை கீழே விழுந்தார். கணக்கு சரியென்றால் ஃபோர்மன் அலியை நசுக்கியிருக்க வேண்டும். 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் நடந்தது நேர்மாறு: 40 போட்டிகளில் தோல்வியே காணாத ஃபோர்மனை அலி 8-ஆவது ரவுண்டில் நாக்கவுட் செய்தார்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லி நகர்ந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பெரிய வீரருடைய திறமையும் ஏதோ ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. எதிராளி இவ்வளவு தூரத்தில் நிற்பார், குத்தினால் பின்வாங்குவார், இன்ன கையால் தொடங்குவார் என்று எதிர்பார்த்துத்தான் ஒருவர் தம் பழக்கங்களை ஆண்டுக்கணக்கில் உடம்பில் ஏற்றிக்கொள்கிறார். அந்த நிபந்தனையை இயல்பாகவே நிறைவேற்றாத ஓர் எதிராளி வரும்போது, அவர் பெயர் பெறாதவராகவே இருந்தாலும், பெரியவர் தடுமாறுகிறார். எந்த நிபந்தனை, அதை எதிராளி எப்படி உடைக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் நாம் பழக வேண்டிய வேலை.

முதல் படி: நான்கு வகை ஆட்டத்தை அடையாளம் காணுங்கள்

தூரத்தில் நின்று, முன்னே நிற்கும் கையால் விடும் நேர்க்குத்தான ஜேபையும் கால்களையும் நம்பி ஆடுபவர் ஒரு வகை. அலி இதற்கு எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு. தலையை ஆட்டிக்கொண்டே குனிந்து உள்ளே புகுந்து, இடைவிடாமல் நெருக்கி அடிப்பவர் இரண்டாம் வகை. ஃப்ரேசியரும் இளம் வயது மைக் டைசனும் இப்படிப்பட்டவர்கள். குத்துகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் ஒவ்வொன்றையும் முடிவான குத்தாக இறக்குபவர் மூன்றாம் வகை. ஃபோர்மன் இங்கே வருவார். எதிராளி முதலில் குத்தட்டும் என்று காத்திருந்து, அந்தக் குத்து வரும்போதோ வந்து முடிந்தவுடனேயோ பதில் குத்து விடுபவர் நான்காம் வகை. மெக்சிகோவின் ஹுவான் மானுவேல் மார்க்கெஸ் இதில் கைதேர்ந்தவர்.

நெருக்குபவர் தூரத்தில் ஆடுபவரை மடக்குவார், தூரத்தில் ஆடுபவர் பலசாலியைச் சோர்வடையச் செய்வார், பலசாலி நெருக்குபவரை நொறுக்குவார் என்று பழையவர்கள் ஒரு வட்டமாகச் சொல்வதுண்டு. மேலே சொன்ன அலி, ஃப்ரேசியர், ஃபோர்மன் கதை அந்த வட்டத்துக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் இதை வாய்ப்பாடாக மனப்பாடம் செய்துகொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. நல்ல வீரர்கள் பலரும் இரண்டு வகைகளின் கலவை. வகையின் பெயர் நமக்குத் தொடக்கத்தை மட்டும் தரும்; காரணம் அதற்குள்ளே இருக்கும் சிறு சிறு பழக்கங்களில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: மணி அடித்ததும் கால்களைப் பாருங்கள்

முதல் ரவுண்டின் முதல் ஒரு நிமிடத்துக்குக் கைகளைப் பார்ப்பதை வேண்டுமென்றே நிறுத்திவையுங்கள். எந்தக் கால் முன்னே இருக்கிறது, முன்னங்காலின் விரல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, இரண்டு பாதங்களுக்கும் இடையே எவ்வளவு அகலம் இருக்கிறது, பின்வாங்கும்போது நேர்கோட்டில் போகிறாரா அல்லது பக்கவாட்டில் விலகுகிறாரா என்று கவனியுங்கள். நேர்கோட்டில் பின்வாங்குபவர் சீக்கிரமே கயிற்றில் முதுகைச் சாய்க்க வேண்டி வரும். நெருக்கி ஆடும் எதிராளிக்கு வேண்டியதும் அதுவே.

அடுத்து, யாருடைய தூரத்தில் ஆட்டம் நடக்கிறது என்று பாருங்கள். அலி 6 அடி 3 அங்குல உயரம். ஃப்ரேசியர் 6 அடிக்கும் சற்றுக் குறைவு. கையின் நீளத்திலும் அலிக்கே சாதகம். எனவே இருவருக்கும் நடுவே ஒரு முழுக்கை தூரம் இருந்தால் அது அலியின் ஆட்டம். முன்கை, அதாவது முன்னே நிற்கும் கை, மடங்கியே இருக்கும் அளவுக்கு நெருங்கிவிட்டால் அது ஃப்ரேசியரின் ஆட்டம். ஒரு ரவுண்டில் எத்தனை குத்து விழுந்தது என்று எண்ணுவதைவிட, எவ்வளவு நேரம் யாருடைய தூரத்தில் நின்றார்கள் என்று கவனிப்பது அடுத்த ரவுண்டுகள் எப்படிப் போகும் என்பதை நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாம் படி: முன்கைக்கும் முன்கைக்கும் நடக்கும் சண்டையைத் தனியாகப் பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பெரிய வீரர்களின் சறுக்கல்களில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் துணிபு. அதற்கு அலியும் நார்ட்டனும் ஆடிய மூன்று போட்டிகளைவிட நல்ல பாடம் கிடையாது. அவர்கள் மொத்தம் 39 ரவுண்டுகள் ஆடினார்கள். முதல் போட்டியில் நார்ட்டன் வென்றார். 1973 செப்டம்பரிலும் 1976 செப்டம்பரிலும் அலி வென்றார். ஆனால் 1976 போட்டியின் தீர்ப்பைப் பற்றிய வாக்குவாதம் இன்றுவரை ஓயவில்லை. நார்ட்டனை நாக்கவுட் செய்ய அலியால் ஒருமுறையும் முடியவில்லை.

அலியின் ஆட்டம் முழுவதும் அவருடைய இடதுகை ஜேபின் மேல் கட்டப்பட்டது. அந்தக் கையை அவர் இடுப்பருகே தாழ்த்தி வைத்திருந்து, அங்கிருந்து மின்னல் வேகத்தில் விடுவார். கீழிருந்து வருவதால் எதிராளியின் கண்ணுக்கு அது தாமதமாகத்தான் தெரியும். பதிலுக்கு ஒரு ஜேப் வந்தால் வலது கையுறையால் தட்டிவிடுவார், அல்லது இடுப்பிலிருந்து மேலுடம்பைப் பின்னால் சாய்த்துத் தப்புவார். பாடப்புத்தகத்தில் இல்லாத இந்த முறை அவருடைய வேகத்தாலும் கண் கூர்மையாலும் மட்டுமே பலித்தது.

நார்ட்டனின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் இதைக் கூர்ந்து கவனித்தார். அலி ஜேப் விடும் அதே நொடியில் அவருடைய வலக்கை, எதிரே வரும் ஜேபைத் தட்டிவிடும் இடத்தில் இருப்பதில்லை என்று கண்டுகொண்டார். அவர் நார்ட்டனுக்குக் கொடுத்த திட்டம் மிக எளிமையானது: அலி ஜேப் விடும்போது நீயும் ஜேப் விடு, உன் வலது கையுறையை உயர்த்தி வைத்து அவருடைய ஜேபைத் தடு, பிறகு நின்றுவிடாமல் ஓரடி முன்னே வைத்து மறுபடியும் ஜேப் விட்டு அவரைக் கயிற்றுக்குத் தள்ளு. அலி குத்துவதற்குக் காத்திருந்து பிறகு பதில் கொடுத்தால் அவர் அதற்குள் போய்விடுவார். அவர் குத்தும்போதே குத்தினால் அவரால் போக முடியாது. இத்துடன் நார்ட்டனின் கைக்காப்பு முறையும் சேர்ந்துகொண்டது. ஒரு கையை வயிற்றுக்குக் குறுக்கேயும் மற்றொரு கையை முகத்துக்குக் குறுக்கேயும் வைத்துக் குனிந்து வருபவரின் முகத்தை நேர்க்குத்து எளிதில் கண்டுபிடிக்காது.

புதியவர்கள் செய்து பார்க்க வேண்டிய பயிற்சி இது. இந்தப் போட்டிகளில் ஒரு ரவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியை நிறுத்திவிடுங்கள், வர்ணனையாளர் சொல்வது நம் கண்ணை இழுத்துவிடும். அலியின் இடக்கை நீளும் ஒவ்வொரு முறையும் நார்ட்டனின் இடக்கை என்ன செய்கிறது என்பதை மட்டும் பாருங்கள். பின்னர் அதே போல, அலி வேறு ஒருவருடன் ஆடிய ரவுண்டு ஒன்றைப் பாருங்கள். அலியின் ஜேபுக்கு மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள், தலையைத் திருப்புகிறார்கள், பின்வாங்குகிறார்கள். நார்ட்டன் இவற்றில் எதையும் செய்வதில்லை. மற்றவர்கள் எல்லாரும் நிறைவேற்றிய நிபந்தனையை ஒருவர் நிறைவேற்ற மறுக்கும் காட்சி அது.

நான்காம் படி: குத்திய கை எங்கே திரும்பி வருகிறது?

காசிமேட்டுப் பக்கத்தில் ஒரு பயிற்சிக்கூடத்தில் மாலை நேரம் போய் நின்றால் இந்தப் படியைக் கண்முன்னே காணலாம். சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். வாத்தியார் இரண்டு கைகளிலும் குத்து வாங்கும் மெத்தைகளான பேட் மாட்டிக்கொண்டு ஒரு பையனுடைய ஜேபை வாங்குவார். பையனின் கை விரைந்து வந்து பேடில் படும். சத்தமும் நன்றாகவே இருக்கும். ஆனால் திரும்பும்போது அந்தக் கை கன்னத்துக்கு வராமல், மார்பு உயரத்தில் ஒரு வளைவு போட்டு மெல்ல மேலேறும். அந்த இடைவெளியில் வாத்தியார் தம் இன்னொரு பேடால் பையனின் கன்னத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். “கை எங்கடா போச்சு? வீட்டுக்கு வரணும்ல?” என்பார். பையன் மறுபடி குத்துவான். மறுபடி தட்டு விழும். தட்டு விழாமல் போகும்வரை அது நடக்கும்.

ஜோ லூயிஸுக்கு அந்தத் தட்டு 1936 ஜூன் 19 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் விழுந்தது. அதுவரை தோற்றதே இல்லாத லூயிஸ், தம் இடக்கை ஜேபுக்குப் பின் அந்தக் கையைச் சற்றுத் தாழ்த்தியே திரும்பக் கொண்டுவருவார். ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங் இதை முன்பே கவனித்து வைத்திருந்தார். அவருடைய சிறந்த ஆயுதம் நேரான வலக்கைக் குத்து. லூயிஸின் பழக்கமோ அந்தக் குத்துக்கென்றே கதவைத் திறந்து வைத்திருந்தது. 4-ஆவது ரவுண்டில் லூயிஸ் கீழே விழுந்தார். 12-ஆவது ரவுண்டில் நாக்கவுட் ஆனார். முந்தைய எதிராளிகளுடன் ஆடியபோதும் லூயிஸிடம் அந்தப் பழக்கம் இருந்ததுதான். ஆனால் அதைப் பயன்படுத்தும் அளவுக்கு வலக்கையும் பொறுமையும் அவர்களுக்கு ஒருசேர இருக்கவில்லை. ஒரு பிழை மட்டும் இருந்தால் போதாது. அந்தப் பிழைக்குப் பொருத்தமான ஆயுதம் எதிராளியிடம் இருக்க வேண்டும் என்பதைப் புதியவர்கள் இங்கே கற்றுக்கொள்ளலாம்.

அலியிடமும் இதே மாதிரி ஒன்றை, ஃப்ரேசியரின் பயிற்சியிலும் பங்கு கொண்ட ஃபட்ச் கண்டார். அலி அப்பர்கட், அதாவது கீழிருந்து மேல்நோக்கிச் செல்லும் குத்து, விடும்போது நிமிர்ந்து நின்றபடி வலக்கையை முதலில் கீழே இறக்குவார். குனிந்து வரும் ஃப்ரேசியரை அடிக்க அப்பர்கட்டைத்தான் அலி நாடுவார். ஃப்ரேசியரின் உயிரான குத்து, பக்கவாட்டில் வளைந்து வரும் இடக்கை ஹூக். அலியின் வலக்கை இறங்கும்போது காலியாகும் இடமும் அந்த ஹூக் வந்து விழும் இடம்தான். 1971 போட்டியின் 15-ஆவது ரவுண்டில் அலியை மல்லாக்க விழச் செய்தது ஃப்ரேசியரின் இடக்கை ஹூக்.

ஐந்தாம் படி: பின்னால் தள்ளப்பட்டால் என்ன ஆகிறார்?

முன்னே போகும்போது புலியாக இருக்கும் பலர், தம்மை யாரேனும் பின்னே தள்ளினால் என்ன செய்வதென்று அறியாமல் நிற்பார்கள். நார்ட்டனை எடுத்துக்கொள்வோம். அலியை 39 ரவுண்டுகள் திணறடித்தவர், 1974-இல் கராகஸில் ஃபோர்மனிடம் 2 ரவுண்டு, 1979-இல் எர்னி ஷேவர்ஸிடம் 1 ரவுண்டு, 1981-இல் ஜெர்ரி கூனியிடம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்று விழுந்தார். மூவருமே கனமாக அடிப்பவர்கள், முன்னே வருபவர்கள். தூரத்தில் மிதந்து ஆடும் அலிக்கு எதிராக முன்னேறிச் செல்வதற்காகவே அமைந்தது நார்ட்டனின் ஆட்டம். அவரைத் தள்ளிக்கொண்டு வருபவர் எதிரே நின்றால், குறுக்காக மடித்த கைகள் பதில் சொல்ல நேரமாகும். அதற்குள் அடி இறங்கிவிடும்.

ஃப்ரேசியருக்கு 1973 ஜனவரி 22 அன்று கிங்ஸ்டனில் நேர்ந்ததும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. ஃப்ரேசியர் தலையை ஆட்டியபடி நேராக உள்ளே வருவார். ஃபோர்மன் இரண்டு கைகளையும் நீட்டி அவருடைய தோள்களைத் தள்ளி, தமக்கு வசதியான தூரத்தில் நிறுத்தி, குனிந்த தலைக்குக் கீழிருந்து அப்பர்கட் விட்டார். அலியை வெறுப்பேற்றிய அதே குனிதல், ஃபோர்மனுக்கு முகத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தது.

ஃபோர்மனின் நிபந்தனை எது என்றால், எதிராளி சீக்கிரம் விழுந்துவிடுவார் என்பது. கின்ஷாசாவில் அலி விழவில்லை. கயிற்றில் சாய்ந்து, கைகளை உயர்த்தி முகத்தை மூடி, ஃபோர்மனின் கழுத்தைப் பிடித்து இழுத்து, இடையிடையே நேரான வலக்கைக் குத்துகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். 5, 6-ஆவது ரவுண்டுகளில் ஃபோர்மனின் கைகள் கனத்துப் போவதை இன்றும் படத்தில் தெளிவாகக் காணலாம். 1977 மார்ச்சில் சான் ஹுவானில் ஜிம்மி யங், அலி அளவுக்குப் புகழ் பெறாதவர், பின்வாங்கிப் பின்வாங்கிப் பதில் குத்து கொடுத்து, 12 ரவுண்டுகளும் நின்று ஃபோர்மனைப் புள்ளிகளில் வென்றார். கடைசி ரவுண்டில் கீழேயும் விழவைத்தார். ஒரே பூட்டை இரண்டு வேறு ஆட்கள் திறந்தால், அதற்குமேல் அதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. பார்ப்பவர்கள் தேட வேண்டியது இப்படித் திரும்பத் திரும்ப வரும் அடையாளத்தையே.

ஆறாம் படி: இடக்கைக்காரர் வந்தால் எல்லாவற்றையும் மாற்றிப் படியுங்கள்

வலது காலையும் வலது கையையும் முன்னே வைத்து நிற்பவரைச் சவுத்பா என்பார்கள். பயிற்சிக்கூடங்களில் இவர்கள் எண்ணிக்கை குறைவு. அதனாலேயே மற்றவர்களுக்கு இவர்களுடன் ஆடிப் பழக்கம் குறைவு. இடக்கைக்காரருக்கோ நாள்தோறும் வலக்கைக்காரர்களுடன்தான் ஸ்பாரிங் என்னும் பயிற்சிச் சண்டை. ஆகவே இந்தச் சண்டை தொடங்கும் முன்பே அனுபவக் கணக்கில் ஒருவர் முன்னே நிற்கிறார்.

இருவரின் முன்னங்கால்களும் எதிரெதிரே வந்துவிடும். ஒருவர் காலை ஒருவர் மிதித்துத் தடுமாறுவதைப் புதியவர்கள் ஸ்பாரிங்கில் அடிக்கடி காண்பீர்கள். முன்கைகள் ஒன்றையொன்று மறித்து நிற்பதால் ஜேபுகள் பாதி வழியில் மோதிக்கொள்ளும். பின்கையின் நேர்க்குத்து இருவருக்குமே திறந்த வழியாகிறது. யாருடைய முன்னங்கால் எதிராளியின் முன்னங்காலுக்கு வெளிப்பக்கம் இறங்குகிறதோ, அவருடைய பின்கைக்கு நேர்பாதை கிடைத்துவிடும். இந்த ஒரு விதியை மட்டும் வைத்துக்கொண்டு மானி பாக்கியாவோவும் மார்க்கெஸும் ஆடிய 4 போட்டிகளையும் பார்க்கலாம்.

பாக்கியாவோ இடக்கைக்காரர், வேகமாக உள்ளே வெளியே போய் வரும் ஆட்டம். 2004 மே மாதப் போட்டியின் முதல் ரவுண்டிலேயே மார்க்கெஸை 3 முறை கீழே விழவைத்தார். வேறு யாராக இருந்தாலும் கதை அங்கே முடிந்திருக்கும். மார்க்கெஸ் எழுந்து, பாக்கியாவோ உள்ளே பாயும் தாளத்தைப் படித்து, அவர் பாயும் இடத்தில் வலக்கையை முன்கூட்டியே விடத் தொடங்கினார். அந்தப் போட்டி சமனில் முடிந்தது. 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் நடுவர்களின் தீர்ப்பில் பாக்கியாவோ நூலிழையில் வென்றார். 2012 டிசம்பர் 8 அன்று, 6-ஆவது ரவுண்டு முடிய ஒரு நொடியே இருந்தபோது, பாக்கியாவோ முன்னே அடியெடுத்து வைத்தார். மார்க்கெஸின் வலக்கை அங்கே காத்திருந்தது. எட்டு ஆண்டுகள், 42 ரவுண்டுகள் நீண்ட ஒரே பாடம் அது. பாக்கியாவோவின் பலமே, அதாவது தயங்காமல் பாயும் அந்தப் பாய்ச்சலே, எதிர்க்குத்துக்காரருக்குத் தேவையான உணவாக இருந்தது.

ஏழாம் படி: எல்லாவற்றையும் பாணியின் தலையில் கட்டாதீர்கள்

பாணிப் பொருத்தத்தைக் கற்றுக்கொண்டவுடன் ஒவ்வொரு தோல்விக்கும் அதையே காரணமாகச் சொல்லும் ஆசை வரும். அந்த ஆசையை அடக்குவது அவசியம். 1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் அலி தோற்றபோது அவருக்கு வயது 38. கால்களும் கைகளும் சொன்னபடி கேட்கவில்லை. அதில் பாணியைப் பற்றிக் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

எடையும் அப்படித்தான். மேரி கோம் 48 கிலோவுக்கு உட்பட்ட பிரிவுகளில் 5 முறை உலகப் பட்டம் வென்ற பிறகு, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மிகக் குறைந்த பிரிவே 51 கிலோவாக இருந்ததால் அதில் ஆட வேண்டியதாயிற்று. அரையிறுதியில் தம்மைவிட உயரமான பிரிட்டனின் நிக்கோலா ஆடம்ஸிடம் 6–11 என்ற கணக்கில் தோற்று வெண்கலம் பெற்றார். அங்கே ஆடம்ஸின் ஆட்டத்துக்கும் பங்கு உண்டு. உடலளவுக்கும் பங்கு உண்டு. இரண்டையும் பிரித்து எழுதிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். வயது, எடை, உயரம், எத்தனை நாள் இடைவெளிக்குப் பின் ஆடுகிறார் என்பவற்றை முதலில் குறித்துவிட்டு, அவை இருவருக்கும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது மட்டும் பாணியைக் காரணமாகச் சொல்லலாம்.

எட்டாம் படி: இரண்டாவது போட்டியைத் தேடிப் பாருங்கள்

ஒரே இருவர் மறுபடி மோதிய போட்டிகள்தாம் பாணியைப் பற்றிய நம் ஊகத்தைச் சோதிக்கச் சிறந்த இடம். 1980 ஜூன் 20 அன்று மாண்ட்ரியலில் ரொபெர்த்தோ துரான், சுகர் ரே லெனர்டை 15 ரவுண்டில் புள்ளிகளில் வென்றார். லெனர்ட் அன்று தம் கால்களை மறந்து, துரானுக்குப் பிடித்த நெருக்கத்தில் நின்று சரிக்குச் சரி அடித்துக்கொண்டார். ஐந்து மாதம் கழித்து நியூ ஆர்லியன்ஸில் அதே லெனர்ட் சுற்றிச் சுற்றி வந்தார். துரான் நெருங்கிய இடத்தில் அவர் இருக்கவேயில்லை. 8-ஆவது ரவுண்டில் துரான் கையை உயர்த்தி ஆட்டத்தைக் கைவிட்டார். லூயிஸும் 1938-இல் ஷ்மெலிங்கை மறுபடி சந்தித்தபோது, வலக்கைக்கு நேரம் கொடுக்காமல் மணி அடித்த கணத்திலிருந்தே அடித்து நொறுக்கி, 124 நொடிகளில் முடித்தார். மாறாக, அலிக்கு நார்ட்டனும் பாக்கியாவோவுக்கு மார்க்கெஸும் எத்தனை முறை வந்தாலும் தலைவலியாகவே இருந்தார்கள். மாற்றிக்கொள்ளக்கூடிய பழக்கம் எது, அந்த வீரரின் உடம்போடு பிறந்தது போன்ற பழக்கம் எது என்பதை இந்த ஒப்பீடு காட்டிவிடும்.

ஒன்பதாம் படி: நீங்கள் கயிற்றுக்குள் இறங்குபவராக இருந்தால்

அமெச்சூர் போட்டியில் உங்களுக்கு இருப்பது 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டுகள். அலியைப் போல ஏழு ரவுண்டு காத்திருந்து எதிராளியைக் களைக்கவைக்க உங்களுக்கு நேரம் கிடையாது. ஆகவே பொருந்தாத பாணியைப் போட்டியன்று முதன்முதலாகச் சந்திக்கும் நிலை வரவே கூடாது. அதைப் பயிற்சியிலேயே சந்தித்துவிட வேண்டும்.

உங்கள் கூடத்தில் யாருடன் ஆடினால் உங்களுக்கு எரிச்சல் வருகிறதோ அவரையே வாரத்தில் ஒரு நாளாவது கேட்டு வாங்கி ஸ்பாரிங் செய்யுங்கள். எளிதாக வெல்லக்கூடிய நண்பனுடன் ஆடும் பத்து ரவுண்டைவிட அது பயன் தரும். உங்கள் கூடத்தில் இடக்கைக்காரர் இல்லையென்றால், வாத்தியாரிடம் சொல்லிப் பக்கத்துக் கூடத்திலிருந்து ஒருவரை வரவழைக்கலாம். வடசென்னையில் கூடங்கள் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் இருப்பது நமக்கு வாய்த்த வசதி. ஆனால் வாத்தியார் அருகில் இல்லாமலும், எடை வித்தியாசம் அதிகமாக இருக்கும் ஆளுடனும், தலைக்காப்பும் பல்காப்பும் இல்லாமலும் ஸ்பாரிங்கில் இறங்கவே கூடாது. பதினாறு வயதுப் பையன் வீம்புக்காக வளர்ந்த ஆளுடன் மோதி வாங்கும் அடி எந்தப் பாணியையும் கற்றுத்தராது. மூளைக்கு மட்டுமே கேடு. பெற்றோர் இதில் கூச்சப்படாமல் குரல் கொடுக்க வேண்டும்.

ஸ்பாரிங் முடிந்ததும் கையுறையைக் கழற்றும் முன்பே மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லிப் பாருங்கள். முடிந்தால் ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலான நேரம் யாருடைய தூரத்தில் நின்றேன்? என் முன்கை நீண்டபோது அவருடைய முன்கை என்ன செய்தது? எந்தக் குத்து என்னை மறுபடி மறுபடி தொட்டது, அதற்கு முந்தைய கணத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? மூன்றாம் கேள்விக்கு விடை உங்களுக்குத் தெரியவில்லையென்றால், ஓரத்தில் நிற்கும் ஒருவரை உங்கள் முகத்தைப் பார்க்காமல் உங்கள் காலையும் கை திரும்பும் இடத்தையும் மட்டும் கைப்பேசியில் படம்பிடிக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தை வாத்தியாருடன் உட்கார்ந்து பாருங்கள். ஒரே குத்து ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுவது தெரிந்தால், அடுத்த வாரம் முழுவதும் அந்த ஒன்றை மட்டும் பேட் பயிற்சியில் திருத்துங்கள். புதிய குத்து எதையும் அந்த வாரம் சேர்க்க வேண்டாம்.